அச்சங்குளத்தில் ஒரு டீசல் காரைச் சூடாக்கிய காலை

ஜனவரி இரண்டாம் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு நானும் என் மனைவி கலைவாணியும் திருச்சியிலிருந்து காரில் அச்சங்குளத்துக்குக் கிளம்பினோம். சாத்தூர் பக்கம், பட்டாசுக் கம்பெனிகள் சூழ்ந்த ஊர். சுற்றுலாவுக்காகப் போகவில்லை. அந்தப் பக்கம் சுற்றுலா போகிறவர்கள் தீபாவளிக்கு முன்பு போவார்கள், பெட்டிகளை டிக்கியில் ஏற்றிக்கொண்டு அதே வேகத்தில் திரும்பிவிடுவார்கள்.

கலைவாணியின் சித்தப்பா மகள் முத்துலட்சுமிக்கு மறுநாள் விருதுநகரில் தேர்வு. பன்னிரண்டு வருடமாகப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிறாள். இந்தத் தேர்வில் தேறினால் போர்மேன் ஆகலாம். அதாவது அறைக்குள் உட்கார்ந்து மருந்து அடைப்பதை விட்டு, ஒவ்வொரு அறையிலும் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று பார்க்கிற வேலை. தேர்வு வருடத்துக்கு ஒரே ஒரு தடவை. காலை ஒன்பதே காலுக்கு வாசல் கதவைச் சாத்திவிடுவார்கள். போன வருடம் அவள் போன பஸ் சாத்தூருக்கு முன்பே பஞ்சராகி, ஒன்பது இருபதுக்குப் போய்ச் சேர்ந்து, சாத்திய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

இதைக் கேள்விப்பட்டதும் நான் போனில், "இந்தத் தடவை பஸ்ஸெல்லாம் வேண்டாம், நம்ம கார் இருக்கு" என்று சொல்லியிருந்தேன். கீழே வரப்போவது எல்லாம் அந்தப் பேச்சின் விளைவு.

காரைப் பற்றி இரண்டு வரி. இருபது வயதைத் தாண்டிய டீசல் கார். மதுரை, விருதுநகர், சாத்தூர் வழியாக 224 கி.மீ. ஓடி, மாலை 5.50-க்கு எந்தக் குறையும் சொல்லாமல் கொண்டுவந்து சேர்த்தது. என் நிம்மதியைக் குலைப்பதற்கு அது வழக்கமாகச் செய்கிற முன்னேற்பாடு இதுதான்.

முத்துலட்சுமியின் வீட்டுத் தெருவுக்குள் கார் நுழையாது. அவளுடைய அண்ணன் கருப்பசாமி ஊரை ஒட்டிய ஒரு கம்பெனியில் இரவுக் காவல். "கம்பெனி வாசல்ல போட்ருங்க மாப்ள. நான்தான ராத்திரி முழுக்க இருக்கேன். லோடு வண்டி வந்தா ஒதுக்கணும், சாவிய மட்டும் குடுத்துட்டுப் போங்க" என்றார். கொடுத்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் விதிகள் எழுதிய பலகை ஒன்று இருந்தது. பலகையைக் கண்டால் படித்துவிடுவது என் வழக்கம். பதினோரு விதிகளில் பத்தைப் படித்தேன். பதினோராவதை ஒரு வேப்பங்கிளை மறைத்திருந்தது. பத்து போதும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை. நல்ல குளிர். என் போன் இருபது டிகிரி என்றது. ஊர்க்காரர்கள் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு இமயமலையில் இருப்பவர்கள் போல நடந்தார்கள். 6.10-க்குக் கருப்பசாமி வந்து சாவியைத் தந்தார். "வண்டி வெளிய ரோட்டோரம் ரெடியா நிக்கிது மாப்ள" என்று சொல்லிவிட்டு, எம். புதுப்பட்டியில் ஒரு வளைகாப்புக்குக் கிளம்பிப் போனார். போனை வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போனார். காவல் வேலைக்குப் போன் கொண்டுபோகக் கூடாது. அந்தப் பழக்கம் விசேஷ வீட்டுக்கும் தொடர்ந்திருக்கிறது.

6.40 பஸ் தெருமுனையில் நின்றது. முத்துலட்சுமி பையோடு வாசலில் நின்று அதைப் பார்த்தாள். "மச்சான், நான் வேணா இதுலயே போயிரட்டா?" என்றாள். "காபியைக் குடி. கார் இருக்கு" என்றேன். பஸ் போய்விட்டது. அடுத்தது 8.20. அதில் போனால் விருதுநகர் சேர ஒன்பதே முக்கால் ஆகும்.

6.55-க்குக் காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். டாஷ்போர்டில், இன்ஜின் சூடாவதைக் காட்டும் சுருள் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்தது, எட்டு நொடியில் அணைந்தது. ஸ்டார்ட் செய்தேன். இன்ஜின் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் வெள்ளைப் புகை வந்தது. இரண்டாவது தடவையும் அதே. மூன்றாவது தடவை சத்தம் கொஞ்சம் மெலிந்தது. பேட்டரியில் இன்னும் எத்தனை முயற்சி மிச்சம் என்று அப்போதுதான் யோசிக்கத் தொடங்கினேன். அந்த யோசனை வந்த பிறகு நான்காவது தடவை சாவியைத் திருப்பவில்லை.

பழைய டீசல் கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. காற்றை நெருக்கினால் அது சூடாகும், அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். இரும்பு குளிர்ந்து கிடந்தால் அந்தச் சூடு போதாது. அதற்காக ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் தீக்குச்சி அளவில் ஒரு கம்பி இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அது செக்கச் சிவந்து அறையைச் சூடாக்கும். பட்டறைகளில் இதை ஹீட்டர் பிளக் என்பார்கள். வெள்ளைப் புகை வருகிறது என்றால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். சுருக்கமாக, பத்து மைல் சுற்றளவில் எல்லோரும் எதுவும் பற்றிக்கொள்ளக் கூடாது என்று கவலைப்படுகிற ஊரில், ஒன்றே ஒன்று பற்றிக்கொள்ளவில்லை என்று கவலைப்பட்டவன் நான்.

சாத்தூர் ஆட்டோ ஒன்றுக்குக் கலைவாணி போன் செய்தாள். "இருபது நிமிஷத்துல வந்துருவேன்" என்றார். அப்போது மணி 7.10. நான் டிக்கியிலிருந்து எட்டு வருடமாகப் பயன்படுத்தாத மல்டிமீட்டரை எடுத்து, நிபுணன் போல பானெட்டைத் திறந்தேன். பேட்டரி 12.3 வோல்ட். கலைவாணியைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். பிளக்குகளுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலே 'டிக்' என்றது. நான்கு பிளக்கும் கரண்ட் இழுத்தால் வோல்ட் நன்றாக இறங்க வேண்டும். இறங்கவில்லை. 12.3-லேயே நின்றது.

"நாலு பிளக்கும் போச்சு" என்று அறிவித்தேன்.

இதற்குள் முத்துலட்சுமி போய்ச் செல்வராசுவைக் கூட்டிவந்திருந்தாள். எதிர்ச்சாரியில் டிராக்டரும் பைக்கும் பார்க்கிற மெக்கானிக். அவருடைய பைக்கிலேயே அவளை அனுப்பிவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. அது அவர் வாசலில் ஏழு துண்டாகக் கிடந்தது. மெக்கானிக் வீட்டுப் பைக் முழுசாக இருந்து நான் பார்த்ததில்லை.

"என்ன அண்ணாச்சி, நாலும் போச்சா?" என்றார் செல்வராசு. "நேத்து ஓடுச்சுல்ல? நாலும் ஒரே ராத்திரியில பேசி வச்சுக்கிட்டா செத்துச்சு?"

"தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போமா?" என்றேன்.

"இந்தக் குளுர்ல ஹீட்டர் இல்லாம தள்ளுனா தள்ளுறவுகளுக்குத்தான் சூடு ஏறும். நகருங்க."

அவர் நான்கு பிளக்கையும் இணைக்கிற பட்டையைக் கழற்றினார். ஒவ்வொன்றாக மீட்டரை வைத்தோம். நல்ல பிளக்கில் ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். முதல் பிளக் 0.9. இரண்டாவது 0.8. மூன்றாவதில் மீட்டர் அசையவே இல்லை. எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "இதுதான், இதுதான்" என்றேன். நான்காவது 0.9.

"ஒண்ணு செத்தா வண்டி நொண்டும் அண்ணாச்சி, படுக்காது. மிச்சம் மூணும் ஏன் எரியல?"

பட்டையைத் திரும்ப மாட்டி, டெஸ்ட் லைட்டைப் பிடித்தார். ஒரு பல்பும் ஒரு முள்ளும் உள்ள எளிய கருவி, கரண்ட் இருந்தால் எரியும். பட்டையில் எரியவில்லை. ரிலேயிலிருந்து வெளியே வரும் ஒயரில் எரியவில்லை. ரிலேக்கு உள்ளே போகும் ஒயரிலும் எரியவில்லை. "ரிலேக்கே கரண்ட் வரல. அது வெறுமனே டிக்குனு சத்தம் போட்டு நம்மள ஏமாத்துது" என்றார். பியூஸ் பெட்டியைத் திறந்தார். எல்லா பியூஸும் நன்றாக இருந்தன. மணி 7.45. ஆட்டோக்காரரைக் கூப்பிட்டோம். இருபது நிமிஷம் என்றார்.

முத்துலட்சுமி பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். 8.15-க்குள் கிளம்பாவிட்டால் முடிந்தது என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். 39 கி.மீ., ஒரு மணி நேரம். இனி ஒரு வருடம் அவள் மருந்து அறையில் உட்காருவாள், நான் திருச்சியில் உட்கார்ந்து "பரவாயில்லை, அடுத்த தடவை" என்று போனில் சொல்வேன்.

7.50-க்குக் கம்பெனி கேட் திறந்து, பட்டாசுப் பெட்டி ஏற்றிய லாரி ஒன்று வெளியே வந்து எங்கள் காருக்குப் பத்தடி தள்ளி நின்றது. பில் வர வேண்டுமாம். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"செல்வராசு, லைட்டக் களட்டு" என்றாள் முத்துலட்சுமி.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. டெஸ்ட் லைட்டின் கிளிப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காரின் சாவியையும் எடுத்து என் கையில் கொடுத்தார்.

"லைட் இல்லாம எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும்.

"கண்ணு இருக்குல்ல மச்சான்" என்றாள்.

டிரைவர் ஈரோட்டுப் பக்கத்துக்காரர். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், உதவி செய்ய விரும்பினார். "ஏனுங்க, இதுக்கா இத்தனை யோசனை? எங்கூர்ல ஒரு பேப்பரைக் கொளுத்தி ஏர் பில்டர் வாயில காட்டுவோமுங்க. சுடுகாத்த இழுத்துட்டுக் கப்புனு புடிச்சுக்கும்" என்றார்.

சொல்லும்போது அவருக்குப் பின்னால் தார்ப்பாய் போட்ட அவருடைய லாரி நின்றுகொண்டிருந்தது.

செல்வராசு ஸ்பேனரைத் துடைத்தார். டிரைவர் எங்கள் முகங்களைப் பார்த்தார், பிறகு மெதுவாகத் திரும்பித் தன் லாரியைப் பார்த்தார். "அது எங்கூர்லங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவது போல நாலடி நகர்ந்தார்.

கருவி இல்லாததால் கண்ணால் தேட ஆரம்பித்தோம். செல்வராசு ரிலேயிலிருந்து ஒயரைக் கையால் பிடித்துக்கொண்டே வந்தார். அது கறுப்புக் குழாய்க்குள் நுழைந்து பேட்டரிக்குக் கீழே போய் மறைந்தது. முத்துலட்சுமி பையைக் கலைவாணியிடம் கொடுத்துவிட்டு, குனிந்து, பேட்டரித் தட்டின் அடியில் கையை விட்டாள். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கறுப்புக் காகிதச் சுருளை வெளியே இழுத்தாள். சுருளின் மறுமுனையில் ஒயர் இருந்தது.

"இது எங்கண்ணன் சுத்துனது" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மூணு சுத்து, நுனி உள்ள மடக்கு. கம்பெனியில திரிக்கட்டுக்கு அப்படித்தான் மடக்குவோம். அவிளவே அவிளாது. எங்க வீட்ல உப்பு மடிச்சாலும் அண்ணன் இப்படித்தான் மடிக்கும்."

அப்போது காற்றடித்து வேப்பங்கிளை விலகியது. பதினோராவது விதியைப் படித்தேன். 'இரவில் நிறுத்தும் வாகனங்களின் பேட்டரி ஒயர்களைக் கழற்றிவைக்க வேண்டும்.'

நடந்தது இதுதான். பொதுவாக ஒரு ஒயரைக் கழற்றினாலே போதும். கருப்பசாமி கடமை தவறாதவர். பேட்டரியில் இருந்த மூன்றையும் கழற்றி, ஒவ்வொன்றின் நுனியையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றிவைத்திருக்கிறார். விடிவதற்கு முன் காரைத் தள்ளிக்கொண்டுவந்து ரோட்டோரம் நிறுத்தி, தடித்த இரண்டை மாட்டியிருக்கிறார். மெலிந்த மூன்றாவது, கறுப்புக் காகிதத்தில், இருட்டில், தட்டுக்கு அடியில் இருந்துவிட்டது. ஹீட்டர் பிளக்குகளுக்குப் போவது அது ஒன்றுதான். விளக்குக்கும் ரிலேயின் டிக்குக்கும் கரண்ட் வேறு வழியில் வருகிறது. ஆகவே எல்லாம் சரியாக இருப்பதாகக் கார் எனக்கு அறிக்கை கொடுத்துக்கொண்டே இருந்தது.

மணி 8.02. ஒரு நட்டு. முப்பது நொடி வேலை. காகிதத்தைப் பிரித்து ஒயரைச் செல்வராசுவிடம் நீட்டினேன். "மாட்டுங்க, மாட்டுங்க."

"இங்கன வேணாம்" என்றாள் முத்துலட்சுமி. "லாரி நிக்கிது. பாலத்துக்கு அங்கிட்டுத் தள்ளிட்டுப் போயி மாட்டுவோம்."

பாலம் என்று அவள் சொன்னது நூற்றைம்பது மீட்டர் தள்ளி இருந்த ஒரு சிறு மதகு. நான் கடிகாரத்தைக் காட்டினேன். சாவி என் கையில் இருக்கிறது, எல்லாம் ஆஃபில் இருக்கிறது, பொறி வராது என்று இயற்பியல் பேசினேன். ஒன்பதே கால் என்றேன். போன வருடத்தைக் கூட நினைவுபடுத்தினேன். அதைச் செய்திருக்கக் கூடாது.

"பொறி வராதுன்னு எனக்கும் தெரியும் மச்சான்" என்றாள். "லாரிக்குத் தெரியாதுல்ல."

சொல்லிவிட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு காரின் பின்னால் போய்க் கை வைத்தாள். கலைவாணி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். செல்வராசு, நான், முத்துலட்சுமி. பாதி தூரத்தில் வண்டி சட்டென்று இலேசானது போலிருந்தது. திரும்பிப் பார்த்தால் ஈரோட்டு டிரைவர் தோளைக் கொடுத்திருந்தார். "பேப்பர் விஷயத்தை யாருகிட்டயும் சொல்லீராதீங்க" என்றார் மூச்சு வாங்க. பெயர் போடாமல்தான் எழுதியிருக்கிறேன்.

8.10-க்கு மதகைத் தாண்டினோம். செல்வராசு மூன்றாவது ஒயரை மாட்டி முறுக்கினார். கலைவாணி நகர்ந்துகொள்ள நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன். டிக். மீட்டரில் வோல்ட் பதினொன்றுக்குக் கீழே இறங்கியது. என் வாழ்க்கையில் ஒரு எண் இறங்கியதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. விளக்கு அணைந்த பிறகும் பத்து எண்ணச் சொன்னார். எண்ணினேன். ஸ்டார்ட் செய்தேன். பேட்டரி கடைசி மூச்சைப் போல இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு மூன்று சிலிண்டரில் பற்றி, வண்டி முழுக்க உதறி, ஊரையே மறைக்கிற அளவுக்குப் புகையைக் கக்கி, அரை நிமிடத்தில் நான்காவதும் சேர்ந்துகொண்டது.

"அணைச்சுராதீக! அப்படியே ஓட்டுங்க!" என்று செல்வராசு கத்தினார். முந்நூறு ரூபாயை அவர் கையில் ஓடும் காரிலிருந்து கொடுத்தேன். எதிரில் எங்களுடைய ஆட்டோ வந்துகொண்டிருந்தது. மணி 8.13.

சாத்தூர் வரை சாலை குறுகல், ஓரிடத்தில் ஆடுகள், ஓரிடத்தில் கரும்பு டிராக்டர். நான்குவழிச் சாலையில் ஏறியபோது 8.41. முத்துலட்சுமி புத்தகத்தைத் திறக்கவே இல்லை. விருதுநகர் நெருங்கும்போது, "அண்ணன்ட்ட சொல்லிராதீக மச்சான். ராத்திரி முளிச்சுப் பாத்த மனுசன். மனசு ஒடஞ்சு போகும்" என்றாள். சரி என்றேன். மன்னிப்புக் கேட்க இதுதான் சமயம் என்று தோன்றியது. அதற்குள் ஒரு பஸ் குறுக்கே வந்தது.

9.12-க்குத் தேர்வு நடக்கும் கட்டடத்தின் வாசல். காவலாளி கதவின் ஒரு பாதியை ஏற்கெனவே இழுத்திருந்தார். முத்துலட்சுமி இறங்கி ஓடினாள். வாசலில் ஒரு நொடி நின்றாள். ஹால் டிக்கெட்டைக் காரிலேயே விட்டுவிட்டாளோ என்று பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். இல்லை. கதவின் இரும்புக் கம்பியில் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். பிறகு உள்ளே போனாள்.

"மருந்து ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி செம்புத் தகட்டைத் தொடணும். உடம்புல இருக்கிற கரண்ட் இறங்கிரும். பன்னெண்டு வருஷப் பழக்கம்" என்றாள் கலைவாணி.

தேர்வு முடிய மதியம் ஒரு மணி ஆகும். அதற்குள் நான் ஒரு கடையில் மூன்றாவது பிளக்கை மாற்றிக்கொண்டேன். பிளக் ரூ. 420, கூலி ரூ. 150. தேர்வு முடிந்து வந்தவளிடம் எப்படி என்று கேட்டதற்கு "எளுதியிருக்கேன்" என்றாள். மூவரும் பொரிச்ச பரோட்டா சாப்பிட்டோம். விருதுநகர் வரை போய் அதைச் சாப்பிடாமல் வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

பழைய டீசல் காரில் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: டிசம்பர், ஜனவரிக்கு முன்பே நான்கு பிளக்கையும் மீட்டரால் அளந்துவிடுங்கள். ஒன்று செத்தாலும் வெயில் காலத்தில் கார் அதைச் சொல்லாது. சுருள் விளக்கு எரிந்து அணைவதை நம்பாதீர்கள். சாவியைத் திருப்பும்போது பேட்டரி வோல்ட் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கவில்லை என்றால் பிளக்குகளைச் சபிப்பதற்கு முன் பேட்டரியிலிருந்து ஒயரைப் பின்தொடருங்கள். மூன்று தடவைக்கு மேல் ஸ்டார்ட்டரை வதைக்க வேண்டாம். கம்பெனிகள் இருக்கும் சாலையில் எந்த ஒயரையும் தொடுவதற்கு முன் ஊர்க்காரர் ஒருவரிடம் கேளுங்கள், அவர் தள்ளச் சொன்னால் தள்ளுங்கள். விதிப் பலகையைக் கடைசி வரி வரை படியுங்கள். யாருக்காவது நேரத்துக்குப் போக வேண்டிய வேலை இருந்தால், அவர்களை 6.40 பஸ்ஸில் ஏற்றிவிட்டு, காரில் பின்னால் போங்கள்.

அன்று மாலை அச்சங்குளம் திரும்பியதும் கருப்பசாமி கை நீட்டினார். "சாவியக் குடுங்க மாப்ள. வண்டி காலையில நல்லா எடுத்துச்சா?" "பிரமாதம்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். இரவு தூக்கம் சரியாக வரவில்லை.

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு, அவர் மாட்டும்போது பக்கத்தில் நின்று எப்படியாவது மூன்றையும் எண்ணிவிட வேண்டும் என்று ரோட்டோரம் போனேன். எனக்கு முன்பே முத்துலட்சுமி அங்கே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கருப்பசாமி பானெட்டுக்குள் குனிந்திருந்தார்.

"ஒண்ணு மாட்டியாச்சா?"

"ஆச்சு."

"ரெண்டு?"

"ஆச்சு. ஏன்டி உசுர வாங்குற, பரிட்சை எளுதி ஒரு நாளு ஆகல, அதுக்குள்ள போர்மேனா?"

"மூணு?"

அவர் கை நின்றது. ஒரு கணம் தேடியது. தட்டுக்கு அடியில் போனது. "மூணும் ஆச்சு" என்றார், முதல் இரண்டைவிடக் கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

அவள் டார்ச்சை அணைத்தாள். தேர்வு முடிவு இன்னும் வரவில்லை. கார் முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆனது.